கோழித்தலை கோட்டைக்கு

மெட்சா செத்தாலும் செத்தாள், ஊரே அவளைப் புனிதவதி ஆக்கிவிட்டது. கோயில் வாசலில் ஆளுக்கு ஆள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. உயிரோடு இருந்தபோது அவள் சந்தில் இறங்கி வருவதைப் பார்த்தாலே பாதிப் பேர் மாட்டுக் கொட்டிலுக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். புனிதவதியாவது ஒன்றாவது! வாயாடி அவள். முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைப்பாள். என் கல்யாணத்தன்று கையில் திராட்சை மதுவை வைத்துக்கொண்டு, என் மாமியார் காதில் நன்றாக விழும்படி, "பொண்ணுக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளைக்குத்தான் முதுகெலும்பைக் காணோம்" என்றாள். என் புருஷன் கோபெல் சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான்.

அவள் வீடு எங்கள் வீட்டுக்கு மேலே, திராட்சைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில், ஒற்றை அறையும் ஒரு அடுப்பும். மோசல் ஆற்றிலிருந்து கோட்டைக்குக் கல் இழுக்கிற கட்டாய வேலையில் கயிறு அறுந்து அவள் புருஷன் போய்விட்டான். பிள்ளை இல்லை. மாடு இல்லை. கோழிகள் இருந்தன. அவை அவளைப் போலவே யாருக்கும் அடங்காதவை.

கோழி என்றதும் புகைக்கோழியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வைடன்ராட் ஊரில் எந்தக் கூரையிலிருந்து புகை எழும்புகிறதோ அந்தக் கூரை கோட்டைக்குக் கோழி கொடுக்க வேண்டும். தவக்கால நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் ஒன்று, திராட்சை அறுப்பு முடிந்ததும் ஒன்று. நோஞ்சான் கோழி செல்லாது. கோட்டை மணியக்காரன் கையைத் தட்டி விரட்டுவான், கோழி எழும்பி வேலி மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அது கோட்டைக் கோழி. ஆனால் வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தால் கதையே வேறு. மணியக்காரன் கோழியின் தலையை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு, உடம்பை வேலிக்கு மேலாக உள்ளே வீசிவிட்டுப் போக வேண்டும். கோழி வாங்கியாயிற்று என்று கோட்டையில் காட்டத் தலை. பெற்றவள் சாறு வைத்துக் குடிக்க உடம்பு. யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது, நல்லா இருக்கட்டும். பழைய மணியக்காரன் குடிகாரன், ஆனாலும் அந்த வழக்கத்தில் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

பழைய பிரபு செத்து மகன் வந்தான். மகனோடு புது மணியக்காரனும் வந்தான். விகாண்ட் என்று பெயர். இளவயசு, பளபளவென்று தோல் காலணி, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகச்சுளிப்பு. அவன் முதல்முதலாகப் புகைக்கோழிக்கு வந்தபோது நான் என் தலைச்சனைப் பெற்று அடுப்போரத்தில் வைக்கோல் மேல் கிடந்தேன். பிரசவம் என்னைப் பிழிந்து போட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டும். மார்பில் பால் சுரக்கவில்லை, பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்து அழுதான். அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் பார்லி மாவும் உலர்ந்த ஆப்பிளும்தான் மிச்சம். கோபெல் விறகுக்குப் போயிருந்தான். மெட்சாதான் வந்து கஞ்சி கிண்டிக்கொண்டு, எனக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

புகை போகக் கதவைத் திறந்து வைத்திருந்ததால் முற்றம் முழுக்க எனக்குத் தெரிந்தது. தவக்காலத்துக்கு முந்தின கடைசிக் கொண்டாட்டம் அன்று. முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இளவட்டங்கள் பானையைத் தட்டித் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு விகாண்ட் வந்தான். எங்கள் செவலைக் கோழியை விரட்டினான். அந்தப் பாழாய்ப்போன கோழி ஒரே எம்பில் வேலியில் போய் உட்கார்ந்தது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மெட்சா கஞ்சிக் கரண்டியோடு வெளியே போனாள்.

"மணியக்காரரே, உள்ளே பிள்ளை பெத்தவ படுத்திருக்கா. தலையைத் திருகி எடுத்துக்கிட்டு உடம்பை இப்படி வீசிட்டுப் போங்க."

"என்னது?"

"தலை உங்களுக்கு. உடம்பு அவளுக்கு. ஊர் வழக்கம்."

"கோழித்தலையைக் கொண்டுபோய்ப் பிரபு முன்னாடி வெக்கச் சொல்றியா? யாரு வீட்டுச் சட்டம் இது?"

"எங்க வீட்டுச் சட்டம்தான். உங்க பிரபுவோட அப்பா, அவரோட அப்பா, எல்லாரும் தலையோட திருப்திப்பட்டவங்க. இவருக்கு மட்டும் என்ன அப்படி ஒரு பசி?"

தெருவில் பானைச் சத்தம் நின்றது. கரி பூசிய முகங்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தன. விகாண்டுக்கு முகம் சிவந்தது. "தள்ளிப் போடி" என்று அவளை இடித்துக்கொண்டு நகர்ந்தான். மெட்சா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கோழியின் காலைப் பிடித்தாள். அவன் கழுத்தை விடவில்லை. அவள் காலை விடவில்லை. அவன் இழுக்க, அவள் இழுக்க, கோழி போட்ட கூச்சலில் என் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டான். படக்கென்று ஒரு சத்தம். விகாண்ட் சேற்றில் மல்லாந்து விழுந்தான். அவன் கையில் கோழியின் தலை இருந்தது.

மெட்சா கையில் உடம்பு துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ரொம்ப நன்றி மணியக்காரரே. இவ்வளவு சிரமப்பட வேண்டாம், திருகினாலே போதும்" என்றாள்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் முகத்தில் கரி பூசியிருந்ததால் யார் யார் என்று அவனால் அடையாளம் வைத்துக்கொள்ள முடியவில்லை. அடையாளம் தெரிந்தது மெட்சாவை மட்டும்தான்.

"கோட்டை ஆள் மேல கை வெச்சுட்ட" என்றான், சேற்றைத் துடைத்தபடி. "உயிர்ப்பு ஞாயிறு முடிஞ்சு மரத்தடியில கூட்டம் வரும்ல, அங்க வந்து பதில் சொல்லு. உன் அடுப்புல நான் தண்ணி ஊத்தலைன்னா பாரு."

அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் வீடு போயிற்று என்று அர்த்தம். மணியக்காரன் ஊர் பார்க்க அடுப்பை அணைப்பான், பிறகு அந்தக் கூரைக்குக் கீழே நீங்கள் படுக்க முடியாது. மெட்சாவுக்கு அந்த அடுப்பை விட்டால் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.  அவளோ உள்ளே வந்து இறகு பிய்க்க உட்கார்ந்துவிட்டாள். சாறு கொதித்ததும் கிண்ணத்தை என் வாயில் வைத்தாள்.

"குடிடி யூட்டா. ஒரு சொட்டு மிச்சம் வெக்காத. என் வீடே இதுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கு."

அழுதுகொண்டே குடித்தேன். நாலைந்து நாளில் எனக்குப் பால் சுரந்தது.

தவக்காலம் முழுக்க ஊர் இதையே பேசியது. விகாண்ட் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு மெட்சாவின் வீடு மட்டும் போதாது, அந்த வழக்கத்தையே ஒழித்துக்கட்ட வேண்டும். அதற்கு வழி டில்மன். ஊர் வழக்கத்தைப் பொய்யில்லாமல் சொல்லுவதாகச் சத்தியம் செய்து கொடுத்த ஏழு பேரில் மூத்தவன் அவன். எங்கள் வழக்கம் எதுவும் எழுத்தில் கிடையாது. வருஷா வருஷம் லிண்டன் மரத்தடியில் மணியக்காரன் கேட்பான், டில்மன் ஒவ்வொன்றாக வாயால் சொல்லுவான். "முழுதும் சொல்லியாயிற்றா?" என்று மூன்று முறை கேட்பார்கள். மூன்றாவது முறையும் யாரும் மறுக்கவில்லை என்றால் அதுதான் வழக்கம். சொல்லாமல் விட்டது போனது போனதுதான்.

ஒருநாள் டில்மன் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிறைய பெரிய காட்டு மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. கோட்டைக் காட்டில் சுள்ளி ஒடித்தாலே கையை முறிப்பார்கள், இவனுக்கு முழுக்கட்டை! மெட்சா நேரே போய் நின்றாள். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பிள்ளை பெற்றவளுக்குக் கோயிலில் சாமியார் ஆசி கொடுக்கிறவரை வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

"ஏம்ப்பா டில்மன், இதெல்லாம் தானா நடந்து வந்துச்சா?"

டில்மன் மரக்கட்டையைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. "மெட்சா, நான் சொல்றதைக் கேளு. நீ போய் முட்டி போட்டு மன்னிப்புக் கேளு. அப்படி ஒரு வழக்கமே இல்லை, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்னு சொல்லிடு. அடுப்புல கை வெக்க மாட்டேன்னு அவன் எனக்கு வாக்குக் குடுத்திருக்கான்."

"யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

"மணியக்காரன்கிட்ட."

"கோழிகிட்ட வேணா கேக்கறேன். பாவம், அதுக்குத்தான் வலிச்சுது."

"விளையாடாத. நான் அந்த வரியை விட்டுட்டா உனக்கு நிக்க இடமே இல்லை."

"விடுவியா?"

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். அவன் மகள் நேசா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன அறுப்புக்குத்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பனின் முதுகைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கோபெலும் தன் பங்குக்கு ஆரம்பித்தான். "அக்கா, ஒரு கோழிக்காக வீட்டை விடுவாங்களா? முட்டி போட்டா தேய்ஞ்சா போயிடும்?" மெட்சா வழக்கம்போல் வெடிப்பாள் என்று காத்திருந்தேன். வெடிக்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு கோபெல். உனக்குத் தெரியாது, நீ அப்ப மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சே. என் வீட்டுக்காரன் கல்லு இழுக்கப் போயிருந்தான், விட மாட்டேன்னுட்டாங்க. நான் தனியாப் பெத்தேன். எழுந்திரிக்க முடியலை, அடுப்பும் அணைஞ்சுபோச்சு. அப்பத்தான் வேலிக்கு மேல பொத்துனு ஒரு கோழி வந்து விழுந்துச்சு. அந்தக் குடிகாரன் எட்டிக்கூடப் பாக்கலை, தலையை எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருந்தான். தவழ்ந்து போய் அதை எடுத்தேன். பிள்ளை தங்கலை. நான் பொழச்சேன்." என் மகனின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "கோட்டை என்கிட்ட என்னென்னமோ வாங்கியிருக்கு. என் உழைப்பு, என் புருஷன், எல்லாம். திரும்பி வந்தது அந்த ஒரு கோழிதான். அது பிச்சை இல்லை, நமக்குச் சேர வேண்டியது. அதைப் போய் நான் இல்லைன்னு சொல்லணுமா?"

கோபெல் தலையைக் குனிந்துகொண்டான். நான் அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வரச் சொன்னாள்.

கூட்டத்தன்று லிண்டன் மரம் அப்போதுதான் துளிர்த்திருந்தது. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே ஆண்கள். கயிற்றுக்கு வெளியே நாங்கள். மெட்சா மட்டும் எப்போதும்போல உள்ளே. ஒவ்வொரு புகைக்கும் ஒரு ஆள் வந்தாக வேண்டும், வராவிட்டால் தண்டனை. அவள் புகைக்கு அவள்தான் ஆள். வருஷா வருஷம் வந்து ஓரமாக நிற்பாள், பேச விடமாட்டார்கள். விகாண்ட் வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினான். காடு, ஆறு, மேய்ச்சல் எல்லாம் ஆனது. புகைக்கோழிக்கு வந்தார்கள்.

டில்மன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "ஒவ்வொரு புகைக்கும் ஒரு கோழி. தரையிலிருந்து எழும்பி வேலியில் அமரும் கோழி. சாம்பலுக்கு முன் ஒன்று, அறுப்புக்குப் பின் ஒன்று." அதோடு வாயை மூடிக்கொண்டான்.



"முழுசும் சொல்லியாச்சா?" என்றான் விகாண்ட்.

"இல்லை" என்றாள் மெட்சா.

"பொம்பளைக்கு இங்க வாய் கிடையாது."

"கோழி வாங்கறப்ப என் புகை கண்ணுக்குத் தெரியுது. பேசறப்ப மட்டும் தெரியலையா?"

"ஆம்பளை ஒருத்தன் உனக்கு வாய் குடுத்தா பேசு. ஆனா உனக்கு வர்ற தண்டனையில அவனுக்கும் பங்கு உண்டு, ஞாபகம் இருக்கட்டும்." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "யாராவது இருக்கீங்களா?"

அட மாதாவே, அந்த ஆண்பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டும்! ஒவ்வொருவனும் தன் செருப்பை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். அவர்களில் ஒருவன்கூடப் பெண் வயிற்றில் பிறக்கவில்லை போலும். நான் கோபெலைப் பார்த்தேன். அவன் செருப்பில் அப்படி என்ன ரகசியம் இருந்ததோ, தலையே தூக்கவில்லை. எனக்கு உச்சி மயிர் வரை கோபம் ஏறியது.

"ரெண்டாம் தடவை கேக்கறேன். முழுசும் சொல்லியாச்சா?"

நான் கயிற்றைத் தாண்டினேன். யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள், உதறினேன். நேரே நாற்காலிக்கு முன்னால் போய், துணியை விலக்கி, பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆம்பளைதானே வேணும்? இந்தாங்க. சந்தேகம் இருக்கிறவங்க வந்து பாத்துக்குங்க."

குளிர்காற்று பட்டதும் என் மகன் வீறிட்டான் பாருங்கள், கோட்டை வரை கேட்டிருக்கும்.

"வாய் குடுத்துட்டான்" என்றாள் மெட்சா. "இங்க இருக்கிறதுல பெரிய வாய். இப்ப பேசலாமா?"

சிரிப்பு கிளம்பியது. விகாண்ட் கோலைத் தரையில் தட்டினான். "பால்குடி எல்லாம் ஆம்பளைக் கணக்குல வராது!"

"அப்படியா? இவன் பொறந்த அன்னிக்கே, இவன் எங்க ஆளு, எங்க மண்ணை விட்டுப் போகக் கூடாதுன்னு கோட்டை சொல்லிடுச்சே. உங்க உடைமைன்னு சொல்றப்ப ஆம்பளை, வாய் குடுக்கறப்ப பச்சப்புள்ளையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மணியக்காரரே!"

அவன் ஏழு பேர் பக்கம் திரும்பினான். அந்த இடைவெளியில் மெட்சா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். தலை, உடம்பு, வேலி, எல்லாம். ஆனால் அவள் சொன்னால் வழக்கமாகாது, சத்தியம் செய்தவன் சொல்ல வேண்டும். விகாண்டுக்கு அது தெரியும். டில்மன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்.

"மூணாம் தடவை. டில்மன், நீ முழுசும் சொல்லிட்டியா?"

டில்மன் வாயைத் திறந்தான். அப்போது கயிற்றுக்கு வெளியிலிருந்து நேசாவின் குரல் வந்தது.

"அப்பா. எனக்கு அறுப்பு முடிஞ்சதும் பொறக்கும்."

டில்மனுக்கு அதுவரை தெரியாது. யாருக்குமே தெரியாது, அவள் புருஷனே வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"நான் பொறந்தப்ப அம்மா குடிச்ச சாறு எந்தக் கோழிப்பா? வேலிக்கு மேல வந்த கோழிதானே? எனக்கு அது வேண்டாம்னு நீயே சொல்லப்போறியா?"

 கிழவன் நாற்காலியைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது கண் திறந்திருந்தது, குரல் உரக்க வந்தது.

"முழுதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். படுத்திருப்பவள் வீட்டில் தலையைத் திருகு, கோட்டைக்குக் காட்டு. உடம்பை வேலிக்கு மேல் வீசு, வாய் பேசாமல் போ. இது எங்கள் அப்பன்கள் சொன்னது. இப்போது முழுதும் சொல்லியாயிற்று."

எங்கள் பக்கத்திலிருந்து எழும்பிய கூச்சலில் மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. விகாண்ட் எழுந்து நின்றான். "இருக்கட்டும்! கோட்டை ஆள் மேல கை வெச்சது பொய்யா? அதுக்கு என்ன சொல்றீங்க?"

டில்மனுக்கு வேகம் வந்துவிட்டது. "மணியக்காரரே, அன்னிக்கு முடிவுல தலை யாரு கையில இருந்துச்சு?"

"என் கையில."

"உடம்பு?"

"அவ கையில."

"அப்ப வழக்கம் நடந்துபோச்சே! தலை கோட்டைக்கு, உடம்பு பெத்தவளுக்கு. நடுவுல வேலிதான் இல்லாம போச்சு. வேலிக்கு மேல வர வேண்டியதைக் கையால வாங்கினது தப்புதான். அதுக்குத் தண்டனையா, யூட்டா வீட்டு முற்றத்துக்கு மெட்சா புதுசா ஒரு வேலி பின்னிக் குடுக்கணும். ஏழு பேரும் சொல்றோம்."

ஏழு பேர் சொன்னதை மணியக்காரன் மாற்ற முடியாது. அவன் கோலை எடுத்துக்கொண்டு குதிரையேறிப் போய்விட்டான். மெட்சா வேலி பின்னினாள், ஆனால் எப்படி? கழிகளைக் கோபெலை வெட்டிவரச் சொன்னாள். கோணல் என்று திட்டிப் பாதியைத் திருப்பி அனுப்பினாள். முடித்தபோது அந்த வேலி என் தோளுக்கு உயர்ந்து நின்றது. "இவ்வளவு உசரம் எதுக்குக்கா?" என்றேன். "வீசறவனுக்குக் கை வலிக்கட்டும்" என்றாள்.

கோட்டை அவளை மன்னித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டில்மன் வீட்டு விறகைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். மெட்சாவுக்கு வருஷா வருஷம் மேட்டுத் தோட்டத்தில் கல் பொறுக்குகிற வேலையையே ஒதுக்கினார்கள். அவள் முதுகு வளைந்தது, வாய் வளையவில்லை. அறுப்பு முடிந்து நேசா பெண் பிள்ளை பெற்றபோது விகாண்ட் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருகி, உடம்பை வேலிக்கு மேல் வீசினான். சந்து முனையில் மெட்சா இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னும் கொஞ்சம் உசரமா வீசுங்க மணியக்காரரே, பழகிடும்" என்றாள்.

அவனுக்கும் தலை நரைத்தது. என் மகன் வளர்ந்து அவனைவிட உயரமானான். போன குளிர்காலத்தில் மெட்சா படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

வாரிசு இல்லாதவள் செத்தால் வீடும் வீட்டில் உள்ள எல்லாமும் கோட்டைக்கு. விகாண்ட் அவள் மூச்சு நிற்கக் காத்திருந்தான். அவள் கோழிகளை அவன் ஏற்கெனவே எண்ணிக்கொண்டு போனதாக ஊரில் சொன்னார்கள். அவளுக்கும் அது தெரியும். என்னையும் கோபெலையும் கூப்பிட்டாள்.

"ஊர்ல இப்ப யாரெல்லாம் பெத்துப் படுத்திருக்கா?"

மூன்று பேர் என்றேன். நேசாவின் மகளும் அதில் ஒருத்தி.

"அந்தப் பொண்ணா? அவ அம்மா வயித்துல இருந்தப்பவே ஊரைக் காப்பாத்தினவளாச்சே." சிரித்தாள், இருமல் வந்தது. "எல்லாக் கோழியையும் திருகுங்க. நான் மூச்சு விடறதுக்குள்ள திருகுங்க, அப்பத்தான் அது என் கோழி. உடம்பு அவளுகளுக்கு. தலையை மட்டும் பத்திரமா வெச்சிருங்க, கோட்டைக்குச் சேர வேண்டியதை நான் என்னிக்கும் மறைச்சதில்லை."

கோபெல்தான் திருகினான். அழுதுகொண்டே திருகினான். அவள் படுத்தபடியே, "கோழிக்கு அழறியா, எனக்கு அழறியா?" என்று கேட்டாள். விடிவதற்கு முன் போய்விட்டாள். அவள் அடுப்புத் தணலை ஒரு சட்டியில் அள்ளிக் கொண்டுவந்து என் அடுப்பில் போட்டேன். தண்ணீர் ஊற்ற வருகிறவன் வெறும் சாம்பலில் ஊற்றட்டும்.

விகாண்ட் கோவேறு கழுதையில் ஆட்களோடு வந்தான். அவள் வீட்டு வேலியில் கழிக்கு ஒன்றாகக் கோழித்தலைகள் வரிசையாகக் குத்தியிருந்தன. கொண்டைகள் காற்றில் ஆடின. அவன் இறங்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோழியெல்லாம் எங்கே?"

"கோட்டைக்குச் சேர வேண்டியது அங்க இருக்கு. எண்ணி எடுத்துக்குங்க" என்றேன்.

"உடம்பெல்லாம் எங்கேன்னு கேக்கறேன்."

"வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு."

கீழே மூன்று கூரைகளில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சாறு கொதிக்கிற வாசனை மேடு வரை வந்தது. அவன் முகம், சேற்றில் விழுந்த அன்றைக்கு இருந்த மாதிரியே சிவந்தது. "கோட்டைச் சொத்துல கை வெச்சது யாரு? அவ செத்துட்டா தப்பிச்சிடுவீங்களா? அவளுக்குப் பதிலா இங்க யாரு பேசறது?"

என் மகன் ஓரடி முன்னால் வைத்தான். அதற்குள் அவனை ஒரு கை விலக்கியது. கோபெல். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற கோபெல் சிரிக்காமல் நின்றான். செருப்பைப் பார்க்கவில்லை, விகாண்டின் கண்ணைப் பார்த்தான்.

"நான் பேசறேன்" என்றான். "மெட்சாக்காவுக்கு நான் வாய் குடுக்கறேன். திருகினதும் நான்தான். அவ உயிரோட இருந்தப்ப, அவ கோழியை, அவ சொல்லித் திருகினேன். மரத்தடிக்குக் கூப்பிடுங்க, வர்றேன். என் புகை எங்க இருக்குன்னுதான் உங்களுக்குத் தெரியுமே."

சந்தில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அவன் பக்கத்தில் நின்றார்கள்.  விகாண்ட் எங்கள் எல்லோரையும் பார்த்தான். பிறகு ஆட்களிடம் தலைகளைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னான். சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள்.

நான் கோபெலின் கையைப் பிடித்தேன். அவன் நிமிர்ந்தே நின்றான். உள்ளே, கதவுக்குப் பின்னால், மெட்சா வெள்ளைத் துணியில் கிடந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. இன்னும் அரைநாள் இழுத்துப் பிடித்திருந்தால் இதைப் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால், "ஒரு முதுகெலும்பு முளைக்க இவ்வளவு நாளாடா?" என்று கேட்டிருப்பாள்.